வயலினா, வார்டா? ஒரு மாணவியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதை எழுதும் நான் ஒரு வயலின் ஆசிரியர். மேற்கத்திய வயலின் சொல்லிக்கொடுப்பதுதான் 20 வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு, ஆலோசகர் பட்டம் எதுவும் கிடையாது. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இசைக் கல்லூரியா நர்சிங் படிப்பா என்று 14 மாதம் அல்லாடினாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன் மட்டுமில்லை, ஒரு முனையைப் பிடித்து இழுத்தவன். அதனால்தான் எழுதுகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை வரும், நான் சறுக்கிய இடத்தில் அவர்களாவது நிதானிக்கட்டும். பெயர், ஊர் எதுவும் இதில் இல்லை. அவள் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே வருகிறது.

பின்னணி

9 வயதில் என்னிடம் வந்தாள். ஆரம்பத்தில் கை சுமார்தான், காது மட்டும் அபாரம். பக்கத்து அறையில் யாராவது கம்பியைச் சுருதி சேர்த்தால், இங்கே உட்கார்ந்தபடியே "இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்பாள். 15 வயதுக்குள் கையும் காதைப் பிடித்துவிட்டது. 17 வயதில் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. இசைக் கல்லூரிக்கான ஆடிஷனைக் குறிவைத்துத்தான் எல்லாமே நடந்துகொண்டிருந்தது.

வழக்கமாகக் கேள்விப்படும் கதையில் பிள்ளை கலை என்னும், வீடு வேலை என்னும். இங்கே தலைகீழ். அப்பாவுக்குச் சின்ன வயதில் இசை படிக்க ஆசை, வாய்க்கவில்லை. மகள் வாசிக்கும்போது அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், உள்ளே வரமாட்டார். அம்மாவுக்கு இசையில் பெரிய ஈடுபாடு இல்லை, மகள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்பார். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. என் மாணவர்களில் யாரும் அதுவரை அந்த மாதிரிக் கல்லூரிக்குள் நுழைந்ததில்லை, இவள்தான் முதல் ஆளாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணக்கை அப்போது வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று பிறகு புரிந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்த சமயம், அப்பாவின் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போனது. பேச்சு என்றால் முழுசாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் தங்கிவிட்டது: "அப்புறம்". தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், கோபம் வந்தாலும் அப்புறம். இது அபூர்வமானதில்லை. பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861இல் பதிவு செய்த புகழ்பெற்ற நோயாளிக்கும் 'டான்' என்ற ஒரே ஒலிதான் மிஞ்சியிருந்தது, மூளையில் பேச்சுக்கான இடத்தை அவரை வைத்துத்தான் புரோக்கா காட்டினார். வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். இவள்தான் கையில் நேரம் உள்ளவள் என்று எட்டு வாரம் அத்தைக்குத் துணையாக மருத்துவமனையில் உட்கார்ந்தாள். வயலினையும் எடுத்துப்போனாள், மொட்டை மாடியில் ஒலியடக்கி மாட்டி வாசித்துக்கொள்வாளாம்.

அத்தை வீடு திரும்பிய பிறகும் அவள் வார்டை விடவில்லை. அனுமதி கேட்டு, வாரம் இரண்டு மாலை அங்கே தொண்டராகப் போய்வந்தாள். எனக்கு இது தெரியாது. ஐந்து மாதம் கழித்து, ஆடிஷனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, வகுப்பு முடிந்து வில்லைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள்: "சார், எனக்கு நர்சிங் படிக்கணும்னு இருக்கு. ஆனா வயலினையும் விட முடியலை. ரெண்டு பக்கமும் எரியுது சார்."

இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறோம், அன்றைக்குத்தான் அந்த எறும்பின் முகத்தைப் பார்த்தேன்.

முதல் முடிவு: வார்டை நிறுத்தச் சொன்னேன்

என்ன காரணம் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "இது இரக்கம்மா. அத்தை படுத்த படுக்கையா கிடந்ததைப் பார்த்ததால வந்தது. எட்டு வாரத்துல வந்ததை ஒன்பது வருஷத்தோட ஒப்பிடாதே. ஆடிஷன் முடியட்டும், அதுவரை வார்டுப் பக்கம் போகாதே." ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் உருப்படாது என்பது என் வாதம். ஆசிரியர் வாயிலிருந்து வந்தால் இது நியாயமாகத்தான் கேட்கும்.

கூடவே ஆல்பர்ட் ஷ்வைட்சரை வேறு இழுத்தேன். 1896இல், 21 வயதில், முப்பது வயது வரை படிப்புக்கும் இசைக்கும், அதற்குப் பிறகு மனிதர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேலைக்கு என்று தனக்குத்தானே தீர்மானித்துக்கொண்டவர் அவர். ஆர்கன் வாசிப்பதிலும் பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசையைப் பற்றி எழுதுவதிலும் பெயர் வாங்கியிருந்தவர், 1905இல் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேவுக்குப் போய்ச் சேர்ந்தார். பாரிஸ் பாக் சங்கத்தார் அவருக்குப் பரிசாகத் தந்த மிதிகட்டை வைத்த பியானோ, வெப்பமண்டலத்துக்குத் தாங்கும்படி துத்தநாகத் தகடு பொதிந்தது, அதுவும் கூடவே போனது. "பார், அவர் முதலில் இசை, பிறகு சேவை. நீயும் முப்பது வயது வரை வாசி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் தள்ளிப்போட்டது தொடங்குறதை மட்டும்தான் சார். முடிவை 21 வயசுலயே எடுத்துட்டார். எனக்கு முடிவே வரலையே."

பதில் இல்லாமல், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைத் தட்டிவிட்டேன். பாடம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இப்படித் தப்பித்துக்கொள்ள நிறைய வழி உண்டு.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள், நிறுத்திவிட்டாள். அடுத்த வாரங்களில் வாசிப்பு சுத்தமானது. சுருதி, தாளக்கணக்கு, வில் திருப்பம் எல்லாம் கணக்காக இருந்தன. ஆனால் ஒவ்வொரு இசை வாக்கியமும் முடிகிற இடத்தில் மூச்சு இல்லை, தட்டச்சு மாதிரி இருந்தது. ஆடிஷன் பயம் என்று நினைத்தேன். தூக்கம் குறைந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்தது, அதையும் பயிற்சிக் கணக்கில்தான் சேர்த்தேன். ஒரு நாள் வந்தாள், பெட்டியைத் திறந்தாள், வில்லின் இழைகளுக்குப் பூசும் பிசின் கட்டியான ரோசினைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்கும், மடியெல்லாம் வெள்ளைப் பொடி. வயலினை எடுக்கவே இல்லை. "இன்னிக்கு வேண்டாம்மா" என்று நான்தான் சொன்னேன்.

அன்று இரவுதான் முதல் முறையாக, நான் இதில் யார் பக்கம் என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது முடிவு: ஒரு நோட்டு

வார்டுக்குத் திரும்பப் போகச் சொன்னேன். கூடவே ஆறு வாரத்துக்கு ஒரு நோட்டு எழுதச் சொன்னேன். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வந்துகொண்டிருந்தது, காலையில் வயலின், சாயங்காலம் வார்டு. கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளை அவள். அதனால் உணர்ச்சியை நோட்டில் எழுதக்கூடாது என்று விதி வைத்தேன். நான்கு விஷயம் மட்டும்தான்: எப்போது தொடங்கினாய், எப்போது நிறுத்தினாய், நடுவில் எதைத் தவிர்த்தாய், எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகு தானாக மனதில் வந்து நின்றது எது.

இரண்டு பதிவுகளை அப்படியே தருகிறேன். (பார் என்பது இசைக்குறிப்பில் ஒரு தாளக் கட்டம், ஷிஃப்ட் என்பது இடது கையைக் கம்பிமேல் இடம் மாற்றுவது.)

"செவ்வாய். வயலின். 5.10 முதல் 6.50. 43ஆம் பார் ஷிஃப்ட் மூன்று தடவை. வரலை. முதல்ல இருந்து வாசிச்சேன். தவிர்த்தது: 43. மனசுல நின்னது: தேர்வு அறை, மூணு நாற்காலி."

"புதன். வார்டு. 4.00 முதல் 7.30. தாத்தா ஒருத்தரை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கும்போது முதுகுக்குத் தலையணை கோணம் சரியா வரலை. நர்ஸ் அக்கா ரெண்டு தடவை காட்டினாங்க. தவிர்த்தது: அவர் மகன்கிட்ட பேசறதை. மனசுல நின்னது: தலையணை. பஸ்ல என் பையை சீட்டுல சாய்ச்சு வச்சுச் செஞ்சு பார்த்தேன்."

அந்தப் பை விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது. எழ முடியாமல் படுத்திருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். வார்டில் அது ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நடக்கிற, யாரும் கைதட்டாத வேலை. அதில் சரியாக வராத ஒரு கோணத்தை இவள் பஸ்ஸில் வைத்துப் பயிற்சி செய்திருக்கிறாள். 43ஆம் பாரை எந்த பஸ்ஸிலும் மனதுக்குள் வாசித்துப் பார்த்ததாகப் பதிவு இல்லை.

ஆறு வாரத்து நோட்டை மூன்று முறை படித்தேன். வயலின் பதிவுகளில் கடைசி வரி பெரும்பாலும் காலியாக இருந்தது, இல்லையென்றால் தேர்வாளர்கள், அப்பா, என் முகம். நான்கே நான்கு இடத்தில் மட்டும் ஒரு ஒலியைப் பற்றி எழுதியிருந்தாள். வார்டுப் பதிவுகளில் ஒவ்வொரு முறையும் ஒரு பொருளோ ஒரு ஆளோ இருந்தார்கள்: தலையணை, ஒருவரின் இடது கை, மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லும்போது ஒரு பாட்டி எதிர்ப்பக்கமாகத் தலையை நிமிர்த்திக்கொள்வது. வார்டு இனித்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். தவிர்த்தது என்ற வரியில் பெட் பேன் ஆறு முறை வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, எனக்கே நான் சொல்லிக்கொண்டது. கஷ்டமான பாரைத் தவிர்த்தாள் என்பதால் வயலின் அவளுக்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட, பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வை எல்லாரும் தேர்ச்சிக்குப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்குக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஆய்வில், தேர்ச்சிக்கு மிக முக்கியம் என்று மாணவர்கள் சொன்ன தனிப் பயிற்சியை, அவர்கள் இன்பமான வேலைகளில் முன்னே வைக்கவில்லை. பயிற்சி கசப்பது இயல்பு. நான் பார்த்தது வேறு. கசந்த பிறகு மனம் எங்கே திரும்பிப் போகிறது என்பது. அதுகூட ஆறு வாரக் குறிப்புதான், வேதவாக்கு இல்லை.

வகுப்பில் அவள் பேசுவதையும் கவனிக்க ஆரம்பித்தேன். கச்சேரி ஒன்றைப் பற்றிச் சொன்னால் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று போகும் கதை. வார்டைப் பற்றிச் சொன்னால் கதையில் அவளே இருக்கமாட்டாள். அத்தையின் "அப்புறம்" எத்தனை வகை என்று ஒரு நாள் எனக்கு வாசித்தே காட்டினாள். வயலினில்! வலிக்கான அப்புறம் கடைசியில் அரை சுரம் இறங்கும், தாகத்துக்கானது ஒரே சுரத்தில் நீளும், "போதும் விடு" என்பதற்கானது முதல் எழுத்திலேயே குத்தும். ஏழு வகை. எட்டு வாரத்தில் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி நர்ஸ்களிடம் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள் அத்தை வீடு திரும்பும் வரை கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்ததாம்.

எல்லாரும் நீட்டிய நடுவழி

இந்தக் கட்டத்தில் அவளைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரும், நானும்தான், ஒரே யோசனையைச் சொன்னோம்: இரண்டையும் சேர்த்து இசைச் சிகிச்சை படிக்கலாமே? கேட்க அழகான யோசனை. அதற்கு ஆதாரமும் கையில் இருந்தது. பேச்சுப் போன அத்தை, தாலாட்டின் இரண்டு வரியைச் சொல் பிசகாமல் பாடினார். இதுவும் பலரிடம் காணப்படுவதுதான். பேச்சை ராகம்போல இழுத்துச் சொல்லவைத்து மீட்க முயலும் ஒரு முறையை 1973இல் பாஸ்டனில் வகுத்தார்கள், இன்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். போதாதா?

அவள் போய் விசாரித்தாள், ஒரு இசைச் சிகிச்சையாளருடன் இரண்டு நாள் உட்கார்ந்தும் பார்த்தாள். திரும்பி வந்து வேண்டாம் என்றாள். "அங்கயும் நான் வாசிக்கிறதைத்தான் சார் எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்கு வார்டுல பிடிச்சதே என்னை யாரும் பார்க்காததுதான்." அந்தத் துறை மீது அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தனக்கானது இல்லை என்றாள், அவ்வளவே. எங்களுக்குத்தான் ஏமாற்றம். நடுவழி எங்கள் மன நிம்மதிக்காக நாங்கள் போட்ட வழி, அவள் கேட்ட வழி இல்லை. இரண்டு ஆசைகளைக் கூட்டிப் பாதியாக வகுத்தால் மூன்றாவதாக ஒன்றுதான் கிடைக்கும், அது இரண்டில் எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது முடிவு: ஆடிஷனுக்குப் போய்விட்டு வா

நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஏறத்தாழ தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆடிஷனை விடாதே என்றேன். இந்த முறை என் ஆசைக்காகச் சொல்லவில்லை என்று நம்பினேன். போகாமல் விட்டால், பயந்து விட்டோமா மனமறிந்து விட்டோமா என்ற சந்தேகம் காலத்துக்கும் அரிக்கும். கிடைத்துவிட்டு வேண்டாம் என்றால் அந்தச் சந்தேகம் இருக்காது. கிடைக்காமல் போனால்? அப்போது நர்சிங் ஆறுதல் பரிசாகிவிடுமே என்று அவள் கேட்டாள். அதனால் ஒரு நிபந்தனை பேசிக்கொண்டோம்: ஆடிஷன் முடிவு வருவதற்கு முன்பே நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட வேண்டும். அனுப்பினாள். அப்பாவுக்குச் சொல்லவில்லை. இது தவறு, கீழே வருகிறேன்.

ஆடிஷனில் நன்றாக வாசித்தாள். தனி வயலினுக்கான பாக்கின் ஒரு பகுதி, ஒரு பயிற்சித் துண்டு, ஒரு கான்செர்ட்டோவின் முதல் பகுதி. 43ஆம் பார் விழுந்தது என்று அவளே சொன்னாள். விழுந்தும் இடம் கிடைத்தது. போனில் "சார், கிடைச்சிடுச்சு" என்றாள். காய்ச்சல் அளந்து சொல்கிற மாதிரி ஒரு குரல். நான்தான் கத்தினேன்.

என்ன ஆனது

பதில் சொல்ல ஒன்பது நாள் அவகாசம். ஒரு வருஷம் தள்ளிச் சேரலாமா என்று எழுதிக் கேட்டாள், முடியாது என்று பதில் வந்தது. ஏழாம் நாள் அப்பாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. "கையில வந்ததையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நாலு மாதம் மகளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னிடம் இன்றுவரை பழைய மாதிரி இல்லை. அம்மாவின் கவலையெல்லாம் இரவு டூட்டியும் தொற்றும்தான். ஒன்பதாம் நாள் காலையில் கல்லூரிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டு, நர்சிங்கில் சேர்ந்தாள்.

முதல் வருஷம் நன்றாகப் போகவில்லை. உடற்கூறியல் தேர்வில் முதல் தடவை தோற்றாள். கைகழுவும் ஆல்கஹால் திரவத்தில் விரல்கள் வெடித்தன, இடது கை விரல் நுனிகளில் வருஷக்கணக்காகக் காய்த்திருந்த தோல் இளகி உரிந்தது. ஐந்து மாதம் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் முதன்முதலாக இறந்த வாரம் எனக்குப் போன் வந்தது: "அந்த இடத்துக்கு இந்த வருஷம் திரும்ப ஆடிஷன் கொடுக்கலாமா சார்?" கொடுக்கலாம், வயது இருக்கிறது என்று தேதியைச் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தேதி வந்தது, போனது. அவள் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது மூன்றாம் வருஷம். டூட்டி ஒத்துவந்தால் மாதம் இரண்டு ஞாயிறு, பொழுதுபோக்குக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறாள். முதல் வயலின் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டாளாம். 18 வயதில் வாசித்ததை இன்று அவளால் வாசிக்க முடியாது, அது அவளுக்கு வலிக்கிறது, மறைப்பதில்லை. இரண்டையும் முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ரஷ்யாவின் போரோடின் ஞாபகம்தான் வரும். வேதியியல் பேராசிரியர், இசையமைப்பாளர், இரண்டிலும் பெரிய ஆள். 1869இல் தொடங்கிய ஓபராவை 1887இல் சாகும்போதும் முடிக்காமல்தான் விட்டுப்போனார், நண்பர்கள் முடித்துவைத்தார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே நேரம் போதவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

வார்டை நிறுத்தச் சொன்னதைச் சொல்லியிருக்கமாட்டேன். ஒன்றைப் பிடுங்கி வைத்துவிட்டு மற்றதன் மேல் ஆசை வருகிறதா என்று பார்த்தது மடத்தனம். இரண்டும் கண்ணெதிரே இருந்தால்தான் எதன் பக்கம் மனம் சாய்கிறது என்று தெரியும்.

முதல் நாளே, "எனக்கு நீ அந்தக் கல்லூரிக்குப் போகணும்னு ஆசை, அதனால நான் சொல்றதை அந்த அளவுக்குக் கழிச்சுக்கோ" என்று சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, என்னைத் தெரியாத இன்னொரு வயலின் ஆசிரியரிடமும், வேலையில் பத்து வருஷம் கண்ட ஒரு நர்ஸிடமும் அவளை அனுப்பியிருப்பேன். வார்டில் தொண்டராக வாரம் இரண்டு மாலை போவதும், இரவு டூட்டியில் முப்பது பேரைப் பார்ப்பதும் ஒன்றில்லை. முதல் வருஷ அடிக்கு அவள் தயாராக இல்லாததற்கு அதுவும் காரணம்.

அப்பாவை வெளியே நிறுத்தியது பெரிய தவறு. விண்ணப்பம் அனுப்பிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவுக்கு வெளியே ஒன்பது வருஷம் நின்று கேட்ட மனிதர் அவர், 14 மாத அல்லாட்டமும் ஒரே நாளில் அவர் தலையில் இறங்கியது.

'உண்மையான அழைப்பு எது', அதாவது எந்த வேலைக்காக நான் பிறந்தேன் என்ற கேள்வியையும் அவ்வளவு பெரிதாக்கியிருக்கமாட்டேன். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் 196 பேரிடம் கேட்டபோது, தங்கள் வேலையைச் சம்பளமாக, முன்னேற்றமாக, அழைப்பாகப் பார்ப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்தார்கள், ஒரே அலுவலக வேலையைச் செய்தவர்களுக்குள்ளும் அப்படித்தான். வேலைக்குள் மட்டும் அழைப்பு ஒளிந்திருக்கவில்லை, செய்கிற ஆளிடமும் பாதி இருக்கிறது. வயலினுக்குப் போயிருந்தால் அவள் நாசமாகியிருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. நோட்டு ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் அந்தப் பக்கம் போனாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து அவளுக்கு அனுப்பினேன். இரண்டு திருத்தம் வந்தது. நான் முதலில் வார்டை நிறுத்தச் சொன்ன காலத்தை மூன்று மாதம் என்று குறித்திருந்தேன், அவள் 11 வாரம் என்று திருத்தினாள், நாள் எண்ணியிருக்கிறாள். அடுத்தது, மூன்றாவது முடிவைப் பற்றி: "பயமான்னு தெரிஞ்சுக்க ஆடிஷன் போனேன்னு எழுதியிருக்கீங்க. இல்லை சார். நோட்டு முடிஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தீங்களே, உங்களுக்காகத்தான் போனேன்."

முதல் திருத்தத்தை மேலே எங்கும் மூன்று மாதம் என்று வராமல் சரிசெய்துவிட்டேன். இரண்டாவதற்கு மேலே எதையும் மாற்றவில்லை, என் காரணம் எழுதிய இடத்திலேயே இருக்கிறது, அவள் சொன்னது இங்கே இருக்கிறது.